கொண்டுவந்தவன் மேல் ஒரு வழக்கு

கொலம்பஸ் மேல் எனக்குச் சொந்தப் பகை ஒன்றும் கிடையாது. போன மாதம் வரைக்கும் அந்த ஆள் எந்த ஊர், எதற்குக் கப்பல் ஏறினான் என்று யாராவது கேட்டிருந்தால், போய் வேலையைப் பாருங்கள், லாரி நிற்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அவனையும், அவன் போன தடத்திலேயே போன மற்ற ஸ்பெயின்காரர்களையும் கூண்டில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லச் சொல்லி என்னைப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். வெல்வெட் நாற்காலி. கல்யாண மண்டபத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்குப் போடுவது. முதுகு ஒட்டிக்கொள்கிறது, அசைந்தால் கிறீச்சென்கிறது, அசையாமல் இருந்தால் முட்டி வலிக்கிறது. தலைக்குப் பின்னால் பேனர்: வழக்காடு மன்றம், ஸ்பானியக் கடலோடிகள் உலகுக்கு இழைத்தது குற்றமே, நடுவர் வத்தல் வணிகர் திருமதி தங்கபுஷ்பம் தனுஷ்கோடி அவர்கள். காற்றாடி சுற்றும்போதெல்லாம் பேனரின் ஓரம் சுருண்டு அந்த ‘அவர்கள்’ மட்டும் காணாமல் போகிறது. போகட்டும். மார்க்கெட்டில் என்னை யார் அவர்கள் என்று கூப்பிட்டது. முன்வரிசையில் சோபா போட்டிருக்கிறார்கள். சோபாவின் நடுவில், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை, கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் இடையில் ஊன்றிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் அண்ணன், பெரியத்தான் தெய்வநாயகம். இந்த அரங்கத்தைக் கட்டிக்கொடுத்தவர் அவர். வாசலில் கல்லில் அவர் பெயர்தான். அவருக்குப் பக்கத்தில் தோள் உரச என் மகன் சுரேந்திரன். இன்றைக்கு அவர் காரில் வந்து இறங்கியவன். காலையில் நான் சேலை மடிப்பை எடுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு, ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோலச் சொன்னான். கப்பல்காரன் கெட்டதும் செய்தான், ஆனாலும் உலகத்துக்கு நல்லது நடந்துபோச்சு, அதனால் விடுதலை என்று தீர்ப்பை முடித்துக்கொள். முடித்த கையோடு பெரியப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தி, நான் இன்றைக்கு ஆளாகி நிற்பதற்கு இவர்தான் காரணம் என்று ஊர் கேட்க ஒரு வார்த்தை சொல். சாயங்காலமே முக்குக் கடைச் சாவி நம் கையில். முக்குக் கடை என் வீட்டுக்காரருடையது. அவர் கண்ணை மூடிய நாளிலிருந்து பெரியத்தான் பூட்டில்தான் இருக்கிறது. ஒரு வார்த்தைதானே அம்மா என்றான் சுரேந்திரன். ஒரு வார்த்தைக்காக ஒரு லாரிச் சரக்கையே திருப்பி அனுப்பினவள் நான் என்று அவனுக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

கண்ணைத் தொடக் கூடாது. அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் முதுகுளத்தூரிலிருந்து வந்து இறங்கிய மிளகாய் வத்தல் மூட்டைக்குள் கை விட்டுப் பார்த்தேன். சோப்புப் போட்டு, எண்ணெய் போட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் காந்தல் இருக்கிறது. வியர்வை இமையில் இறங்குகிறது. துடைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனால் கண்ணீர் கொட்டும், கொட்டினால் சோபாவில் இருக்கிறவர் தங்கபுஷ்பம் உருகிட்டா என்று நினைத்துக்கொள்வார். அவர் முன்னால் நான் அழுதது ஒரே ஒரு தரம், அது போதும். அந்தப் பிள்ளை, நஸ்ரின், குற்றம் சாட்டுகிற பக்கம், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ தேதி சொல்கிறாள். மனப்பாடம் செய்தது ஒரு வரி தப்பினால் மொத்தமும் சரிந்துவிடும் என்கிற பயம் அவள் கழுத்தில் தெரிகிறது. எதிர்ப்பக்கம் ஹரிகரன், கைகட்டிக்கொண்டு சிரித்த முகமாக. அவனுக்கு இந்த மேடை வீட்டு முற்றம் மாதிரி. இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எஸ்தர் டீச்சர் ஓரத்தில் தூணோடு தூணாக. அந்த டீச்சரோடுதான் நான் முதல் நாளே சண்டை போட்டேன். மண்டிக்கு வந்து, வழக்கு என்னவென்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தவர், போகிற போக்கில், மிளகாயே அந்தக் கப்பல்காரர்கள் கண்டெடுத்ததுதான் அக்கா, அமெரிக்காவில் விளைந்தது, ஸ்பெயின்காரன் அங்கிருந்து எடுத்துவந்தான், பிறகு போர்ச்சுக்கல்காரன் நம் கரையில் இறக்கினான் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கமுதியிலும் சாயல்குடியிலும் கரிசல் காட்டில் காய்க்கிற முண்டு வத்தலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தானா, இந்தப் பேச்சை வெளியில் போய்ப் பேசுங்கள் என்று தராசுத் தட்டைத் தட்டினேன். அப்போ எங்க சனம் அதுக்கு முன்னாடி வெறுந்தண்ணியவா குழம்புன்னு குடிச்சுச்சு என்று கேட்டேன். டீச்சர் அசரவில்லை. மிளகு போட்டாங்கக்கா என்றார். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் சரக்குக் கிட்டங்கியில் அம்பாரமாகக் கிடந்த வத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்த சரக்கு, திடீரென்று யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருந்தது. பிறகு கோபம் தணிந்து வேறு மாதிரித் தோன்றியது. ஏன், சரக்கென்றால் நடக்கத்தானே செய்யும். விதையை ஊன்றித் தண்ணீர் காட்டி, களத்தில் காயப்போட்டு, மழைக்கு ஓடி ஓடிச் சாக்கு மூடினவள் யார்? கப்பல்காரனா? இந்தக் கேள்வி அன்றைக்கு வந்தது. வந்த வேகத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது, போய்விட்டது. இப்போது மறுபடி வந்து நகக்கண்ணில் உட்கார்ந்துகொண்டு காந்துகிறது.

நஸ்ரின் குரல் கொஞ்சம் நிலைக்கு வந்துவிட்டது. தீவில் இருந்த சனம் பழமும் கிளியும் பருத்தியும் கொண்டுவந்து கொடுத்து வரவேற்றார்கள் என்கிறாள். கொடுத்தவர்களிடமே தங்கம் எங்கே என்று கேட்டு, குறித்த தவணைக்குக் குறித்த தங்கம் வந்தாக வேண்டும் என்று விதித்து, கொண்டுவராதவன் கையை வெட்டினார்கள், இதை ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரே எழுதி வைத்திருக்கிறார் என்கிறாள். அரங்கத்தில் பாதிப் பேர் செல்போனைப் பார்க்கிறார்கள். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுகிறது. கை வெட்டினான் என்பது இவர்கள் காதில் ஏறவில்லை, தூரத்துக் கை. ஆனால் அடுத்து அவள் சொன்னதுதான் என்னை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தது. பிசாரோ என்று ஒருவன். இன்கா ராஜாவைப் பேச்சுக்கு வா என்று கூப்பிட்டு, வந்த இடத்தில் பிடித்துக் கட்டினான். ராஜா சொன்னாராம், இந்த அறையில் என் கை எட்டுகிற உயரம் வரை தங்கத்தால் நிரப்பித் தருகிறேன், என்னை விட்டுவிடு என்று. சரி என்றான். பேரம் முடிந்தது. மலைக்கு மலை ஆள் அனுப்பி, கோயில் சுவரில் இருந்ததையெல்லாம் உரித்துக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு அந்த ராஜாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். அடப்பாவி. என் வாயிலிருந்து வந்தேவிட்டது, நல்லவேளை எனக்கு முன்னால் மைக் இல்லை, தலைமையாசிரியர் மட்டும் திரும்பிப் பார்த்தார். திருடுகிறவனைக் கூட எனக்குப் புரியும். அடித்துப் பிடுங்குகிறவன், அவன் சாதி வேறு, பயந்து ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் பேசி முடித்து, சரக்கை எண்ணி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு கழுத்தை அறுக்கிறவன் இருக்கிறானே. மார்க்கெட்டில் அப்படி ஒருவன் செய்தால் அதன் பிறகு அவன் கைகாட்டுகிற மூட்டையை எந்த வெள்ளாமைச் சம்சாரியும் அவிழ்க்க மாட்டான். அந்த ஆளுக்குச் சிலை இருக்கிறதாம், அவன் ஊரில். இருக்கும். சிலைக்கென்ன, அரங்கத்துக்கும்தான் பெயர் வைக்கிறார்கள். பெரியத்தான் கைத்தடியின் வெள்ளிப் பூணைத் தடவிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறாரா கேட்கிறாரா தெரியவில்லை. அவருக்கு எப்போதுமே அந்த முகம்தான். என் வீட்டுக்காரர் காரியத்தன்றும் அதே முகம்தான்.

காரியம் முடிந்து பந்தி முடிந்து, வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நீ ஒன்றும் கவலைப்படாதே, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கும் பிள்ளைக்கும் மாதம் மளிகைச் சாமான் வந்துவிடும், வீட்டோடு இரு என்று. சரி என்றேன். பேசி முடித்ததுதான் அதுவும். எல்லார் முன்னாலும். பிறகு ஒரு மாதம் சாமான் வந்தது, அடுத்த மாதம் அரிசி மட்டும் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. கேட்கப் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவர் மண்டியில் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னால் கேட்டதுதான் தப்பு என்றார்கள் பிறகு. எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்? அவர் எழுந்திருக்கவே இல்லை. மூலையில் நனைந்து வெளுத்துப்போன சோடை வத்தல் மூட்டை ஒன்று கிடந்தது, குப்பைக்குப் போக வேண்டியது. அதைக் காட்டி, இதை எடுத்துட்டுப் போ, இதுதான் உன் பங்கு, இனி இந்தப் படி ஏறாதே என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அழுதேன். அங்கேதான் அழுதேன். பிறகு அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தேன், விட்டுவிட்டு வந்திருக்கலாம், ரோஷக்காரி விட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள், நான் இழுத்துக்கொண்டு வந்தேன். காம்பைக் கிள்ளி, பூஞ்சையை ஒதுக்கி, நல்லதைத் தேர்ந்து, வெயிலில் போட்டு, இடித்து, வீடு வீடாக விற்றேன். அடுத்த மூட்டையை வாங்க மார்க்கெட்டுக்குள் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு, துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். இந்த விரல் இவ்வளவு, அந்தக் கணு அவ்வளவு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, விற்கிற சம்சாரிக்கே பல நேரம் தெரியாது. என் கையை எவன் பிடிப்பான். பொம்பளை கையைத் துண்டுக்குள்ள பிடிச்சா ராத்திரி வீட்டுல சோறு கிடைக்காதுக்கா என்று சொக்கலிங்கத் தரகர் இளித்தார். சரி, பிடிக்காதீர்கள் என்றேன். மூட்டை மேல் ஏறி நின்று வாயால் கத்தினேன். இந்தச் சரக்குக்கு நான் இவ்வளவு தருகிறேன், கூடத் தருகிறவன் சொல்லு என்று. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. லூசு என்றார்கள், வாயாடி என்றார்கள், அதற்கு மேலேயும் சொன்னார்கள். ஆனால் சாயல்குடிக்காரர் ஒருவர், தன் சரக்குக்கு என்ன விலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் காதால் கேட்டவர், அடுத்த வாரம் தன் ஊர்க்காரர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். அப்படித்தான் நான் ஆனேன். வேறு எப்படியும் இல்லை.

கைதட்டல். ஹரிகரன் எழுந்துவிட்டான். இந்தப் பயல் பிழைத்துக்கொள்வான், நின்ற நிலையிலேயே தெரிகிறது, முதலில் ஆளைப் பார்க்கிறான், பிறகுதான் பேசுகிறான். நடுவர் அம்மா அவர்களே, இந்தக் குற்றவாளி என்று சொல்லப்படுகிறவர் கப்பல் ஏறாமல் போயிருந்தால் உங்கள் வீட்டில் தக்காளிச் சட்னி கிடையாது. சிரிப்பு. பூரிக்கு உருளைக்கிழங்கு கிடையாது, பூரி தனியாக உட்கார்ந்து அழும். இன்னும் சிரிப்பு. கடலை மிட்டாய் கிடையாது, மக்காச்சோளம் கிடையாது, கொய்யா கிடையாது, பப்பாளி கிடையாது, பாயசத்தில் முந்திரி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்வரிசை கூடவே கத்துகிறது, கிடையாது, கிடையாது. எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. உலகம் உருண்டை என்று சுற்றிவந்து காட்டியவர்கள் என்கிறான், காய்ச்சலுக்கு மருந்துப் பட்டை தந்த நாட்டை நமக்குக் காட்டியவர்கள் என்கிறான். செல்போன்களை எல்லாம் மடியில் போட்டுவிட்டார்கள். நஸ்ரின் தன் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, உதடு வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவன் என் பக்கம் திரும்பினான். கை கூப்பினான். நடுவர் அவர்களே, தாங்களே என் கடைசிச் சாட்சி. அந்தக் கப்பல் போகாவிட்டால் மிளகாய் இல்லை, மிளகாய் இல்லாவிட்டால் தங்கள் மண்டி இல்லை, இன்றைக்கு இந்த மேடையில் தாங்கள் இல்லை. தங்கள் வாழ்வே அந்தக் கடலோடிகள் போட்ட பிச்சை, அவர்களைக் குற்றவாளி என்று சொல்லத் தங்களுக்கு மனம் வருமா? அரங்கம் அதிர்ந்தது. விசில். பெரியத்தான் விழித்துக்கொண்டார். இல்லை, அவர் தூங்கவே இல்லை. தொடையைத் தட்டிச் சிரிக்கிறார், வாயைத் திறந்து, பல்செட் தெரிய. பக்கத்தில் சாய்ந்து சுரேந்திரனிடம் என்னவோ சொல்கிறார், அவனும் சிரிக்கிறான். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும், கல்யாண வீட்டில், சங்கக் கூட்டத்தில், முடிவெட்டுகிற கடையில் அவர் சொல்லிச் சொல்லி ஊர் வாயில் பழகிப்போன பேச்சு. நான் அன்னைக்கு விரட்டலைன்னா இவ இப்படி ஆயிருப்பாளா?

ஆகியிருப்பேனா. அதுதான் முள். அதுதான் நான் கோபப்படுகிறபோதெல்லாம் கோபத்துக்கு அடியில் கிடந்து குத்துகிறது. மாதாமாதம் மளிகைச் சாமான் ஒழுங்காக வந்திருந்தால் நான் வீட்டோடு இருந்திருப்பேன். நன்றியோடு இருந்திருப்பேன். சுரேந்திரனை அவர் மண்டியிலேயே கணக்குப் பார்க்கச் சேர்த்துவிட்டு, பெரியப்பா சொல்கிறபடி கேளு என்று சொல்லியிருப்பேன். மூட்டை மேல் ஏறியிருக்க மாட்டேன். கப்பல் போயிராவிட்டால் மிளகாய் இல்லை, இவர் விரட்டியிராவிட்டால் நான் இல்லை. பொய்யில்லை, இரண்டும் நிஜம், நிஜத்தை நான் என்ன சொல்லித் தள்ளுவது. நடந்தது நடந்ததால்தான் மற்றது நடந்தது. அப்போது சரி என்று தலையை ஆட்டிவிட வேண்டியதுதானா. தண்ணீர் பாட்டில் எங்கே. தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லுங்கள் பெரியத்தான், விரட்டுகிறபோது இவள் ஆளாகட்டும் என்றா விரட்டினீர்கள். இவள் செத்தாலும் சரி என்றுதானே. சாகாமல் இருந்தது யார் வேலை. வெட்டின கை போக மிச்சக் கையால் அந்தச் சனம் விதை நட்டதே, அதற்கும் கப்பல்காரனுக்கா பேர். அவன் போனது மிளகுக்கும் தங்கத்துக்கும். மிளகாய் அவன் காலில் இடறினது. நான் தரகு செய்கிறவள், எனக்குத் தெரியும், சரக்கை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கிறவனுக்கு என்ன சேர வேண்டுமோ அது சேரும், விளைந்தது அவனுடையது ஆகாது. விளைத்தவனைக் கொன்றுவிட்டுக் கொண்டுவந்தவன் தரகனும் ஆகாது. ஒன்று நடப்பதற்குக் காரணமாக இருப்பது வேறு, உபகாரம் செய்வது வேறு. இது ஏன் இத்தனை வருஷம் எனக்கு இப்படிப் பளிச்சென்று தெரியவில்லை. அவர் பேச்சை ஊரே பேசப் பேச எனக்கும் காதில் அது உண்மை மாதிரி ஒலிக்கத் தொடங்கியிருந்தது, அதனால்தான்.

தலைமையாசிரியர் என் பக்கம் குனிகிறார். ஜவ்வாது வாசனை. தீர்ப்பு நேரம்ங்கம்மா, ரெண்டு பக்கமும் சமமாப் பாராட்டிட்டு, நல்லதைப் பார்ப்போம்னு முடிச்சிருங்க, ஐயாவுக்குச் சாப்பாட்டு நேரம் என்கிறார். எந்த ஐயாவுக்கு என்று கேட்டேன். தெரியாதா அம்மா, நம்ம தெய்வநாயகம் ஐயாதான், மதுரைப் பேச்சாளர் வர முடியாதுன்னு சொன்னதும் உங்க பேரையே அவங்கதானே சொன்னாங்க, மிளகாய்க்காரி உட்கார்ந்தாத்தான் வழக்கு ருசிக்கும்னு சிரிச்சாங்க என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மைக்கைச் சரிசெய்யப் போய்விட்டார். அப்படியா சங்கதி. இந்தப் பேனர், இந்த வெல்வெட் நாற்காலி, கப்பல்காரன், அந்தப் பையன் கடைசியில் என் பக்கம் திரும்பிச் சொன்னது, அது அவனுக்கே தோன்றியதா யாராவது சொல்லிக்கொடுத்ததா, எல்லாமே துண்டு. ஊர் கண்ணுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். அடியில் என் மகன் கையால் என் விரலைப் பிடித்து விலை பேசியிருக்கிறார். ஒரு கடைக்கு ஒரு நன்றி. பெண்பிள்ளை கையைத் தொடாதவர்கள், என் பிள்ளை கையை விட்டுத் தொட்டிருக்கிறார்கள். சுரேந்திரன் என்னையே பார்க்கிறான். கெஞ்சுகிற கண். சின்ன வயதில் ரப்பர் பந்துக்குக் கெஞ்சுவானே அந்தக் கண் இல்லை, இது வேறு, இதில் அலுப்பு இருக்கிறது. காலையில் போகும்போது வாசலில் திரும்பி நின்று ஒன்று சொன்னான். இன்னைக்கும் உன் வாயாலதான் எல்லாம் கெடும்னா, நான் பெரியப்பாகூடவே இருந்துக்கறேம்மா. மெதுவாகத்தான் சொன்னான். அந்த மெதுவில்தான் எடுத்துவிட்ட சேலை மடிப்பெல்லாம் எனக்குக் கலைந்துபோயிற்று. அவன் போய்விட்டால் யாருக்கு இந்த மண்டி, யாருக்கு இந்தக் காந்தல். ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் பிள்ளை இருக்கிறான், கடை வருகிறது, வீட்டுக்காரர் உட்கார்ந்த கல்லாப்பெட்டி வருகிறது. சொல்லிவிட்டால் இந்த ஊரில் இனிமேல் விரட்டப்படுகிற ஒவ்வொருத்திக்கும் என் பெயரைச் சொல்வார்கள், பாரு, அவளே நன்றி சொன்னா, உனக்கென்ன கேடு என்று. மைக்கின் முன்னால் நிற்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக் உயரமாக இருக்கிறது, இறக்கிவிட யாரோ ஓடி வருகிறார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டுகிறேன். என் குரல் மைக் இல்லாமலேயே கேட்கும்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் அஞ்சாங்கிளாஸ். இங்கிலீசு தேதியெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி நல்லாப் பேசுச்சு, பூரி தனியா அழுதுச்சுன்னப்போ நானும் சிரிச்சேன். தம்பி சொன்ன சாமான் எல்லாம் நிஜம். அந்தக் கப்பல் போகலைன்னா நம்ம அடுக்களை வேற மாதிரி இருந்திருக்கும், உலகமே வேற மாதிரி இருந்திருக்கும். அவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டாங்க, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா தம்பி, பெரிய காரியம் பண்ணினவன்னா நல்ல காரியம் பண்ணினவன்னு அர்த்தமில்ல. மிளகாய அவங்க படைக்கல. அங்க ஒரு சனம் தலைமுறை தலைமுறையா வச்சு வளர்த்துச்சு. அந்தச் சனத்த இவங்க அழிச்சாங்க. கொண்டுவந்து போட்டது யாரோ, இங்க வெயில்ல காஞ்சு விளைய வச்சது நம்ம சம்சாரி. நடுவுல கப்பல்காரனுக்கு வந்ததெல்லாம் அவன் அப்பவே எடுத்துக்கிட்டான். தங்கமா எடுத்துக்கிட்டான், வெள்ளியா எடுத்துக்கிட்டான். ராஜாகிட்ட பேரம் பேசி, அறை நிறைய வாங்கிட்டு, அப்புறம் கழுத்த நெரிச்சவன். அவனுக்கு இன்னும் நாம என்ன பாக்கி வச்சிருக்கோம்?”

நஸ்ரின் தலையைத் தூக்கிவிட்டாள். ஹரிகரன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நிற்கிறது. பிச்சைன்னு சொன்னியே தம்பி, அந்த வார்த்தைய மட்டும் நீ திருப்பி எடுத்துக்கணும் என்று அவனிடம் சொன்னேன், திட்டாமல்தான் சொன்னேன், தலையாட்டினான். கப்பல்காரன் குற்றவாளிதான், அதுதான் தீர்ப்பு என்றேன். தலைமையாசிரியர் கையில் பொன்னாடைத் தட்டோடு பாதி மேடையில் நின்றுவிட்டார், முன்னால் வரவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல். தண்டனை என்னம்மா என்று எஸ்தர் டீச்சர் தூணோரத்திலிருந்து கேட்டார். வழக்காடு மன்றத்தில் நடுவர் தண்டனையும் சொல்ல வேண்டும். யோசிக்கவே இல்லை நான். அவங்க செத்து மண்ணாப் போய் எத்தனையோ காலம் ஆச்சு டீச்சர், அவங்கள நான் என்ன பண்ண என்றேன். பிறகு முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், மீதியைச் சொன்னேன்.

“தண்டனை ஒண்ணுதான். அவங்களுக்கு நன்றி சொல்றத இன்னையோட நிறுத்திக்கணும். நாம பொழச்சது நம்ம பொழப்பு.”

பெரியத்தானுக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு மட்டும்தான் முழுசாகப் புரிந்தது. கைத்தடி மேல் இருந்த விரல்கள் இறுகி, வெளுத்து, மெல்லத் தளர்ந்தன. வயசாகிவிட்டது இவருக்கு, எவ்வளவு வயசாகிவிட்டது, இந்த ஆளுக்கா நான் இத்தனை நாள் ராத்திரியில் பதில் தயாரித்துக்கொண்டு படுத்திருந்தேன். உனக்கு இன்னும் வாய் குறையலை புஷ்பம் என்றார், சோபாவில் இருந்தபடியே, முதல் இரண்டு வரிசைக்குக் கேட்கும் அளவுக்கு. இல்ல பெரியத்தான், கடைய நீங்களே வச்சுக்கோங்க என்றேன். அதுவும் மைக்கில் போய்விட்டது. எந்தக் கடை என்று கிசுகிசுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போகிறது, ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும், நன்றாகத் தெரியட்டும். நஸ்ரின் முதலில் கை தட்டினாள், பிறகு எங்கெங்கோ, சேர்ந்தாற்போல இல்லாமல், விட்டு விட்டு, தட்டலாமா கூடாதா என்று பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார்கள். பொன்னாடைத் தட்டோடு நின்றவரைச் சுற்றிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படிக்கு வந்தேன். கைப்பிடி இல்லாத படி, செங்கல் ஒன்று ஆடுகிறது, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். முன்வரிசையில் சோபா நகர்கிற சத்தம் கேட்டது. ஓரக்கண்ணில் நீலச் சட்டை. சுரேந்திரன் எழுந்துவிட்டான். அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட எழுந்தானா, என் பின்னால் வர எழுந்தானா. பார்ப்பதற்கு நான் நிற்கவில்லை.